ஊமைப்படங்களுக்கு ஒரு பணிமூப்புப் பட்டியல்

பட்டியல் தயாரிப்பது என் பிழைப்பு. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எழுத்தனாக இருப்பவனுக்கு மனிதர்களை ஒருவர்கீழ் ஒருவராக எழுதி வரிசை எண் கொடுப்பது பழகிப்போன வேலை. பணியில் சேர்ந்த தேதி, தேர்வில் பெற்ற இடம், பிறந்த தேதி ஆகிய மூன்றும் கைக்குக் கிடைத்துவிட்டால் தீராத சிக்கல் இல்லை. பட்டியலைச் சுற்றுக்கு விடுவோம். ஆட்சேபம் உள்ளவர்கள் குறித்த நாளுக்குள் எழுதித் தரலாம். எழுதித் தருவார்கள். அதற்கும் விதி உண்டு.

கலைக்கு இத்தகைய விதி எதுவும் இல்லை என்பது தெரிந்தே, 1928ஆம் ஆண்டில் வெளிவந்த ஊமைப்படங்களை வரிசைப்படுத்தும் வேலையில் சென்ற ஆண்டு இறங்கினேன். மலருக்குக் கட்டுரை கேட்ட சங்கத்து நண்பர்கள் நான் குறுந்தொகையைப் பற்றியோ பாரதியைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவற்றை எழுத என்னிலும் வல்லவர்கள் இம்மலரிலேயே இருக்கிறார்கள். நூறாண்டை நெருங்கும் இந்தப் படங்களைப் பற்றித் தில்லித் தமிழர்களில் யாராவது ஒருவர் பேசினால் தவறில்லை என்று துணிந்தேன்.

ஏன் 1928? ஒரு கலை முற்றிக் கனிந்த ஆண்டும் அதற்கு ஓலை வந்துசேர்ந்த ஆண்டும் ஒன்றாக அமைவது அபூர்வம். 1927 அக்டோபரில் 'தி ஜாஸ் சிங்கர்' அமெரிக்கத் திரையில் பாடிற்று. சில இடங்களில் பேசவும் செய்தது. 1928 ஜூலையில் முழுக்க முழுக்கப் பேசும் முதல் நெடும்படம் வந்துவிட்டது. அதன்பின் ஓரிரு ஆண்டுகளில் ஹாலிவுட்டில் ஊமைப்படம் எடுப்பார் அநேகமாக இல்லாமற் போயினர். ஆனால் அந்த 1928இல்தான் காமிரா பறக்கக் கற்றிருந்தது, நடிகர்கள் கையை வீசி மார்பில் அறைந்து நடிப்பதை விட்டிருந்தார்கள், எழுத்து அட்டைகள் குறைந்து முகங்களே கதை சொல்லத் தொடங்கியிருந்தன. நான் பணியில் சேர்ந்த புதிதில் எங்கள் பிரிவில் தட்டச்சுக்காரர் ஒருவர் இருந்தார். காகிதத்தைப் பாராமல், எங்களோடு அரட்டை அடித்தபடியே, பிழையின்றி ஐந்து படிகள் எடுப்பார். அவருடைய விரல்கள் உச்சத்தில் இருந்தபோதுதான் பிரிவுக்குக் கணினிகள் வந்து இறங்கின. 1928இன் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது.

'ஊமைப்படம்' என்ற சொல்லில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஊமை என்றால் பேச இயலாமை. இந்தப் படங்களில் மாந்தர்கள் ஓயாமல் பேசுகிறார்கள், நமக்குத்தான் கேட்பதில்லை. நாம்தான் செவிடர்கள். 'மௌனப்படம்' சற்றுத் தேவலாம். ஆயினும் நம் தாத்தாமார் வழங்கிய சொல்லை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லாமையால் பழைய பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

படங்கள் கிடைத்ததற்குக் காரணமாக இருந்ததும் ஒரு விதிதான். அமெரிக்கச் சட்டப்படி 95 ஆண்டுக்காலப் பதிப்புரிமை முடிந்து, 2024 ஜனவரி முதல் நாளன்று 1928ஆம் ஆண்டின் படங்கள் அந்நாட்டில் பொதுவுடைமை ஆயின. ஞாயிறுதோறும் கணினியில் ஒன்றாகப் பதினான்கு படங்கள் பார்த்தேன். எந்தப் புண்ணியவானோ பொருந்தாத பியானோ இசையை ஒட்டிவைத்திருந்த பிரதிகளில் ஒலியை அடைத்துவிட்டே பார்த்தேன். அப்படிப் பார்க்கும்போது வீட்டுக் கடிகாரத்தின் ஓசையும் எதிர்வீட்டுக் குக்கரின் விசிலும் படத்தோடு சேர்ந்துகொள்கின்றன. அதிலும் ஒரு சுகம் இருந்தது.

அறிந்தவர்கள் எல்லாரும் அந்த ஆண்டின் முதலிடத்தை ஒரே படத்துக்குத்தான் தருவார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் தியோடர் டிரையர் பிரான்சில் எடுத்த 'ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்' அது. என் பட்டியலில் அதற்கு இரண்டாம் இடம். ஆட்சேபங்கள் குவியும் என்பதை அறிவேன்.

அந்தப் படத்தின் பெருமையை மறுப்பவன் அல்லேன். 1431இல் ரூவான் நகரில் நடந்த விசாரணையின் பதிவேட்டை ஒரு கை புரட்டுவதில் படம் தொடங்குகிறது. ஒரு எழுத்தனாக நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்ணை எரித்த நீதிபதிகளின் பெயர்களை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அவள் சொன்ன விடைகளைக் குறித்துவைத்த எழுத்தர்களின் உழைப்பு மட்டும் ஐந்நூறு ஆண்டுகள் நின்று, ஒரு கலைஞனின் கையில் படமாயிற்று. அதன்பின் வருவன எல்லாம் முகங்கள். நடிகர்களுக்கு ஒப்பனை இல்லை. குருமார்களின் மருக்களும் சுருக்கங்களும் அப்படியே தெரிகின்றன. பெரும் பொருட்செலவில் கோட்டை ஒன்றைக் கட்டிவிட்டு, அதை ஏறெடுத்தும் பாராமல் ஃபால்கொனெட்டி என்ற நாடக நடிகையின் கண்களையே டிரையர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலையை மழிக்கும் காட்சியில் மழிப்பது உண்மையான முடி. அதன்பின் அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை.

படத்தின் கதையும் ஜோனின் கதையைப் போன்றதே. மூல நெகடிவ் 1928 டிசம்பரில் பெர்லினில் தீக்கிரையாயிற்று. எஞ்சிய துண்டுகளைக் கொண்டு டிரையர் கோத்த இரண்டாம் வடிவத்தையும் மறு ஆண்டு தீ விடவில்லை. அரை நூற்றாண்டுக் காலம் உலகம் பார்த்தவை எல்லாம் அறுபட்டும் ஒட்டப்பட்டும் வந்த பிரதிகளே. 1981இல் நார்வே நாட்டில், ஆஸ்லோவில், மனநோய் மருத்துவமனை ஒன்றின் அலமாரியிலிருந்து டேனிஷ் தலைப்புகள் கொண்ட பழைய பிரதி ஒன்று வெளிப்பட்டது. எரிந்தவள் மீண்டு வந்தாள் என்று சொல்லத் தோன்றுகிறது. இத்தனையும் இருந்தும் இரண்டாம் இடம்தானா என்றால், ஆம். காரணம் பின்னால் வரும்.

நகைச்சுவைப் படங்களைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். சிரிப்பை விளக்கினால் சிரிப்பு போய்விடும். சாப்ளினின் 'தி சர்க்கஸ்' ஜனவரியில் வந்தது. கம்பிமேல் நடக்கும் அவர் தலையில் குரங்குகள் ஏறிக்கொள்ளும் காட்சியில் என் மகள் நாற்காலியிலிருந்து விழப் பார்த்தாள். வண்டிகள் எல்லாம் போனபின், கூடாரம் நின்ற வட்டத்தின் நடுவே அவர் தனியாக உட்கார்ந்து, கிழிந்த காகித நட்சத்திரத்தைக் கசக்கி எறிந்துவிட்டு நடந்துபோகிறார். நான் அதற்கு மேல் எதுவும் எழுத விரும்பவில்லை. பஸ்டர் கீட்டனின் 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் புயலில் ஒரு வீட்டின் முகப்புச் சுவர் முழுதாகச் சாய்ந்து அவர்மேல் விழுகிறது. மாடி ஜன்னலின் திறப்பு சரியாக அவர் நின்ற இடத்தில் அமைந்ததால் பிழைக்கிறார். தந்திரக் காட்சி அல்ல, சுவர் மெய்யாகவே விழுந்தது. கணக்கு ஒரு சாண் பிசகியிருந்தால் கலைஞன் போயிருப்பான். அந்தப் படத்தின் பெயரைக் கேலியாக வாங்கிக்கொண்டு அதே ஆண்டு நவம்பரில் 'ஸ்டீம்போட் வில்லி' என்ற சிறு கேலிச்சித்திரம் ஒலியோடு வந்தது. அதில் சீழ்க்கை அடித்துக்கொண்டு தோன்றிய எலிதான் பின்னாளில் உலகை ஆண்டது. கீட்டனோ அவ்வாண்டே பெரிய நிறுவனம் ஒன்றில் சம்பளத்துக்குச் சேர்ந்து, தன் படத்தின்மேல் தனக்கிருந்த உரிமையை இழந்தார். நான்காவது சாப்ளின், ஐந்தாவது கீட்டன். மறுநாள் கேட்டால் மாற்றிச் சொல்வேன்.

'லோன்சம்' என்றொரு படம். ஹங்கேரியிலிருந்து வந்த பால் ஃபேயோஷ் எடுத்தது. நியூயார்க்கில் தனித்து வாழும் ஓர் இளைஞனும் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணும் கடற்கரைத் திருவிழாக் கூட்டத்தில் சந்திக்கிறார்கள், அதே கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தொலைத்துவிடுகிறார்கள். படம் துள்ளிக்கொண்டு போகிறது. திடீரென்று மூன்று இடங்களில் பேசத் தொடங்குகிறது. பேசும் படத்துக்கு மவுசு வந்துவிட்டதென்று இடையில் செருகிய காட்சிகள். அதுவரை பறந்த காமிரா ஆணி அறைந்தாற்போல் நின்றுவிட, நடிகர்கள் பாடம் ஒப்பிக்கும் பிள்ளைகளைப் போல் பேசுகிறார்கள். ஒரு கலை மறைந்து இன்னொன்று வருவதை ஒரே படத்தில் கண்ணால் காண விரும்புவோர் இதைப் பார்க்கலாம். அந்தக் காலத்தில் காமிராவின் இரைச்சல் ஒலிவாங்கியில் பதியாதிருக்க அதை ஒரு கூண்டுக்குள் அடைத்தார்கள். கூண்டுக்குள் போனது எப்படி ஓடும்?

லிலியன் கிஷ் நடித்து, ஸ்வீடனின் விக்டர் ஷோஸ்ட்ரோம் இயக்கிய 'தி விண்ட்' படத்தைத் தில்லியில் வாழ்பவர்கள் மற்றவர்களைவிடச் சற்று நன்றாக உணர முடியும். வர்ஜீனியாவிலிருந்து டெக்சாஸின் வறண்ட வெளிக்கு வருகிறாள் ஒரு பெண். அங்கே காற்று ஓய்வதில்லை. அப்பத்தில் மணல், படுக்கையில் மணல், பாத்திரம் துலக்குவதும் மணலால். மே, ஜூனில் இங்கே 'லூ' வீசும்போது, அடைத்த ஜன்னலின் இடுக்கு வழியாக வந்து மேசைமேல் படியும் புழுதியில் விரலால் கோலம் போட்டவர்களுக்கு அந்தப் பெண்ணின் கலக்கம் புரியும். மொஹாவே பாலைவனத்தின் கொடுவெயிலில், விமான உந்திகளை நிறுத்தி மணலை வாரி இறைத்து எடுத்தார்கள். தன்னைக் கெடுத்தவனை அவள் சுட்டு, மணலில் புதைக்கிறாள். காற்று அந்த மணலைச் சிறிது சிறிதாகத் துடைத்து, முகத்தை வெளியே காட்டுகிறது. ஒலி இல்லாத படத்தில் காற்றின் ஊளை என் காதில் விழுந்தது. முடிவு மட்டும் சுபம். மூல நாவலில் அவள் அந்தக் காற்றுக்குள்ளேயே போய்விடுகிறாள். சுபமான முடிவுக்காக ஒரு படி இறக்கி ஆறாவதாக வைத்தேன்.

நம் நாட்டின் பங்கு என்ன என்று கேட்பவர்களுக்கு: 'ஷிராஸ்'. தாஜ்மகாலைக் கட்டத் திட்டம் வரைந்த கலைஞனைப் பற்றிய கற்பனைக் கதை, நிரஞ்சன் பாலின் நாடகம், ஜெர்மானியரான ஃப்ரான்ஸ் ஆஸ்டனின் இயக்கம், ஷிராஸாக ஹிமான்ஷு ராய். முழுவதும் இந்தியாவிலேயே, உண்மையான அரண்மனைகளிலும் கோட்டைகளிலும், இந்திய நடிகர்களைக் கொண்டு எடுத்தது. பிரிட்டனில் செப்பனிட்டு, அனுஷ்கா சங்கரின் இசையோடு 2017இல் வெளிக்கொணர்ந்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் தில்லிக்கு அது வந்தபோது பார்த்தேன். காதலைவிட ஒட்டகங்கள் நன்றாக நடித்திருக்கின்றன என்று அருகில் இருந்தவர் சொன்னார். அது அநியாயம். சதி செய்யும் தாலியாவாக வரும் சீதாதேவியின் புருவம் ஒன்று போதும். ஆனாலும் எட்டாவது இடத்துக்கு மேல் என் கை போகவில்லை.

தமிழருக்கு அந்த ஆண்டோடு உள்ள தொடர்பு திரையில் இல்லை, கோப்பில் இருக்கிறது. சினிமாவைப் பற்றி ஆராய அன்றைய இந்திய அரசு 1927இல் அமைத்த குழுவின் தலைவர் சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரி. ஊர் ஊராகச் சென்று 353 சாட்சிகளை விசாரித்து 1928இல் அறிக்கை தந்தார்கள். பேரரசில் தயாராகும் படங்களுக்குச் சலுகை காட்டவேண்டும் என்ற மேலிடத்து ஆசைக்குக் குழு இணங்கவில்லை. இந்தியப் படங்களுக்குக் கடனுதவி முதலான ஆதரவு தரவேண்டும் என்றது. அறிக்கை பத்திரமாக வைக்கப்பட்டது. எங்கள் வழக்கில் இதற்கு 'தக்க நடவடிக்கைக்காகப் பரிசீலனையில் உள்ளது' என்று பெயர். அந்த ஏடுகளைப் புரட்டினால் அன்றைய கொட்டகையே எழுந்து வருகிறது. ஆனால் சாட்சிகள் பேசிய படங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. ஆயிரத்து முந்நூறுக்கு மேல் எடுக்கப்பட்ட இந்திய ஊமைப்படங்களில் முழுதாகவோ துண்டாகவோ எஞ்சியவை முப்பதை ஒட்டியே இருக்கும். சென்னையில் 'கீசக வதம்' எடுத்த நடராஜ முதலியாரின் படங்களில் ஒன்றுகூட இல்லை. பட்டியலில் இடம்பெறவே வழியில்லாதவர்களுக்கு எந்த விதியின்கீழ் மூப்பு நிர்ணயிப்பது?

இனி முதலிடம். கிங் விடார் இயக்கிய 'தி க்ரௌட்'. கூட்டம் என்று பொருள்.

ஜான் சிம்ஸ் 1900ஆம் ஆண்டு அமெரிக்கச் சுதந்திர நாளில் பிறக்கிறான். இவன் பெரிய ஆளாக வருவான் என்று தந்தை நம்புகிறார். இருபத்தோராம் வயதில் நியூயார்க்கில் வந்து இறங்குகிறான். காமிரா ஒரு வானளாவிய கட்டடத்தின் சுவரில் மேலே மேலே ஏறுகிறது, நூற்றுக்கணக்கான ஜன்னல்களில் ஒன்றன் வழியே உள்ளே நுழைகிறது. உள்ளே கண்ணுக்கெட்டிய தூரம் மேசைகள், எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி. அவற்றின்மேல் மிதந்து சென்று ஒரு மேசையின் அருகே இறங்குகிறது. எண் 137. ஜான் சிம்ஸ், எழுத்தர்.

நானும் இருபத்தொரு வயதில்தான் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து தில்லி வந்தேன். பி.ஏ. பட்டமும் தேர்வாணையத்தின் கடிதமும் கையில் இருந்தன; பெட்டியில் பாதி எழுதிய நாவல் ஒன்றும் இருந்தது. ஆகவே அந்தக் காட்சியைக் கலை விமரிசகனாக இருந்து பார்க்க என்னால் முடியவில்லை. ஜான் இரட்டை மாடிப் பேருந்தில் காதலியோடு போகும்போது, விளம்பரப் பலகையை மாட்டிக்கொண்டு கோமாளி வேடத்தில் பந்து வீசிப் பிடிக்கும் ஒருவனைக் கண்டு நகைக்கிறான். படம் முடிவதற்குள் அதே வேடம் அவனுக்கு வந்து சேர்கிறது. அது தண்டனையாக வரவில்லை. அன்றைக்குக் கிடைத்த வேலை அதுதான்.

பெரிய ஆளாகாத மனிதனைப் பற்றிய படம் என்று சொல்லிவிட்டால் எளிது. ஆனால் விடார் வேறொன்றையும் செய்தார். ஜானுக்கு ஒரு விளம்பர வாசகப் போட்டியில் 500 டாலர் பரிசு கிடைக்கிறது. பொம்மைகள் வாங்கி வந்து, ஜன்னலில் நின்று தெருவிலிருக்கும் குழந்தைகளுக்குக் காட்டுகிறார்கள். ஓடி வரும் சிறுமி லாரியில் அடிபடுகிறாள். வீட்டில் குழந்தை உயிருக்குப் போராடுகிறது. வெளியே தெரு இரைகிறது. ஜான் தெருவில் இறங்கி, வரும் கூட்டத்துக்கு எதிரே கைகளை உயர்த்திக்கொண்டு, வாயில் விரலை வைத்து, எல்லாரையும் சத்தம் போடாதீர்கள் என்று கெஞ்சுகிறான். உன் குழந்தைக்குச் சுகமில்லை என்பதற்காக உலகம் நிற்காது என்ற பொருளில் ஒரு காவலர் சொல்லி, அவனை வீட்டுக்குள் தள்ளுகிறார்.

2015 அக்டோபரில் தில்லியில் டெங்கு பரவியபோது என் மகளுக்கு வயது ஆறு. மருத்துவமனை ஒன்றின் இரண்டாம் மாடியில் கிடந்தாள். தட்டணுக்களின் எண்ணிக்கை அன்று மாலை 22,000 என்று எழுதிவிட்டுப் போனார்கள். நவராத்திரி. எதிர்த்தெருவில் பந்தல் போட்டு இரவு முழுவதும் ஜாகரண். ஒலிபெருக்கியின் அதிர்வில் ஜன்னல் கண்ணாடி நடுங்கிற்று. கீழே இறங்கிப் போய்க் கைகூப்பிக் கேட்டேன். நல்ல மனிதர்கள். என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள், குழந்தையின் பெயரைக் கேட்டு அவள் பேரில் ஒரு பாட்டுப் பாடினார்கள், பிரசாதம் கொடுத்து அனுப்பினார்கள். சுமார் பத்து நிமிடம் சத்தம் தணிந்திருந்தது. நான் மாடி ஏறி வருவதற்குள் பழையபடி ஆயிற்று. மகள் பிழைத்தாள். ஜானின் மகள் பிழைக்கவில்லை. எட்டு நாள் கழித்து நான் அலுவலகம் போனபோது மேசையில் கோப்புகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன.

ஜோன் ஏன் இரண்டாவது என்பதற்கு இதுவே என் விடை. அவளை ஒரு கூட்டம் சூழ்ந்து வதைத்தது. ஆயினும் அவளைப் பார்த்தது. அவள் சொன்னதை எழுதிக்கொண்டது. பின்னாளில், 1920இல், புனிதையென அறிவித்தது. ஜான் சிம்ஸை யாரும் வதைக்கவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. அப்படிப்பட்டவனை நடுவில் நிறுத்திப் படமெடுக்க 1928இல் ஒருவருக்குத் துணிவு இருந்தது. முடிவு என்ன செய்வதென்று தெரியாமல் நிறுவனம் பலவற்றை எடுத்துப் பார்த்து, இரண்டு முடிவுகளோடு கொட்டகைகளுக்கு அனுப்பிற்று. விடாரின் முடிவில் குடும்பம் ஒரு கொட்டகையில் உட்கார்ந்து கோமாளிகளைப் பார்த்துச் சிரிக்கிறது. காமிரா பின்னே போகிறது. அருகிருப்பவரும் சிரிக்கிறார், வரிசை சிரிக்கிறது, கொட்டகையே சிரிக்கிறது. நம் குடும்பம் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் போகிறது. அதை ஆறுதல் என்று சிலரும் கொடுமை என்று சிலரும் எழுதியிருக்கிறார்கள். மூன்று முறை பார்த்தேன், இன்னும் எனக்கு முடிவாகவில்லை.

ஜானாக நடித்த ஜேம்ஸ் மர்ரே துணை நடிகர் கூட்டத்திலிருந்து விடார் பொறுக்கி எடுத்தவர். சில ஆண்டுகளில் குடியில் வீழ்ந்தார். பின்னர் விடார் இன்னொரு படத்துக்கு அழைத்தபோது ஏற்க மறுத்தார். 1936இல் நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றில் மூழ்கி இறந்தார்.

என் மனைவிக்கு இந்தப் பட்டியலில் உடன்பாடில்லை. "உங்க ஆபீஸ் கதைன்னு அதுக்கு முதல் இடம் போட்டுட்டீங்க" என்றாள். அவளுடைய முதலிடம் ஸ்டெர்ன்பெர்க்கின் 'தி டாக்ஸ் ஆஃப் நியூயார்க்'. கப்பலில் கரி அள்ளிப் போடும் முரடன் ஒருவன், தண்ணீரில் விழுந்து சாகப்போன பெண்ணைத் தூக்கிவருகிறான். அன்றிரவே மதுக்கடையில் விளையாட்டாக அவளை மணக்கிறான். காலையில் கப்பலுக்குப் புறப்படுகிறான். அவன் சட்டைப் பை கிழிந்திருக்கிறது. அவள் தைக்க உட்காருகிறாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, கண்ணில் நீர். அவள் பார்வையிலேயே ஊசி கலங்கித் தெரிகிறது. அவன் வாங்கிக் கோத்துத் தருகிறான்.

வீட்டில் இரவிக்கை தைத்துக் கொடுப்பவள் என் மனைவி. அந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொல்லி, திரும்பப் போடச் சொன்னாள். இரண்டாம் முறை பார்த்துவிட்டு, "பேச்சு இருந்திருந்தா இந்த இடத்துல ஏதாவது பேசிக் கெடுத்திருப்பாங்க" என்றாள். நான் மூன்றாவது இடம் கொடுத்தேன். ஆட்சேபத்தை எழுத்து மூலம் தரச் சொன்னேன். பட்டியல் இருந்த தாளை வாங்கி, மூன்றை அடித்து ஒன்று என்று எழுதிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.